புது கோச் வந்ததும் பழைய அணியில் யார் மிஞ்சுவது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) தலைமைப் பயிற்சியாளர்களின் வேலை பெரும்பாலும் நவம்பர் கடைசியில் போகிறது. சில நாட்களில் புதியவர் வந்துவிடுவார். கூடைப்பந்தில் இதே கூத்து மார்ச், ஏப்ரலில் நடக்கும். வந்து இறங்குபவருக்கு உதவிப் பயிற்சியாளர்கள் பாதிகூடச் சேர்ந்திருக்க மாட்டார்கள். பள்ளி மாணவர்கள் அணியில் சேரக் கையெழுத்துப் போடும் நாள் டிசம்பர் முதல் வாரத்தில் தலைக்கு மேல் நிற்கும். இதற்கு நடுவே, முந்தையவர் பொறுக்கிச் சேர்த்த நூறு பையன்கள் நம் கதி என்ன என்று காத்திருப்பார்கள்.

பழைய ஆட்களைக் கழிப்பதே பாவம் என்று ஒரு கூட்டம் பேசும். தோற்ற அணியைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்று இன்னொரு கூட்டம் பேசும். என் கட்சி வேறு. கழிப்பது இந்த வேலையில் தவிர்க்க முடியாதது. அநியாயம் நடப்பது தேதியில்தான். போ என்று சொல்வதை, அவன் போவதற்கு வழி திறந்திருக்கும்போதே சொன்னீர்களா, மூடிய பிறகு சொன்னீர்களா? மற்ற எல்லா வேலையையும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் கல்லூரி மாற விரும்புபவரின் பெயர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேட்டில் ஏற வேண்டும். 2018 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. முதல்முறை மாறுபவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை என்று 2021-இல் ஆனது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று 2024 ஏப்ரலில் ஆனது. ஆனால் பெயர் கொடுக்கக் காலக்கெடு உண்டு. ஃபுட்பாலில் 2025 வரை குளிர்காலத்தில் ஒரு தவணை, ஏப்ரலில் ஒரு தவணை என்று இரண்டு இருந்தன. 2026 முதல் ஒன்றே ஒன்றுதான்: ஜனவரி 2 முதல் 16 வரை. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணிக்குத் தனியாக 15 நாள் உண்டு. புதியவரின் பெயரை அறிவித்து ஐந்து நாள் கழித்து அது திறக்கும்.

ஏப்ரல் தவணை போனது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன விஷயம். உள்ளே அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. முன்பெல்லாம் புதுப் பயிற்சியாளர், "வசந்தகாலப் பயிற்சியில் உன்னைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தள்ளிப்போடலாம். 34 நாளுக்குள் 15 பயிற்சி. பார்த்துவிட்டு ஏப்ரலில் உதட்டைப் பிதுக்கினாலும் பையன் அந்த வாரமே போர்ட்டலில் பெயர் கொடுத்து வேறு இடம் தேடிக்கொள்வான். இன்று அதே வாக்கியத்தை ஏப்ரலில் சொன்னால், அடுத்த ஜனவரி வரை அவனுக்குக் கதவு கிடையாது. ஒரு சீசன் போய்விடும். ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் என்று எண்ணி ஆடுகிறவனுக்கு ஒரு சீசன் என்பது சொத்தில் கால்வாசி. ஆகவே "வசந்தத்தில் பார்க்கலாம்" என்பது இப்போது நியாயமாகக் காது குளிரக் கேட்கும் ஒரு பொய்.

அப்படியானால் எவ்வளவு நேரம் இருக்கிறது? 105 பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 1,050 நிமிடம், அதாவது பதினேழரை மணி நேரம். ஐந்து நாளில் பரப்பினால் நாளுக்கு மூன்றரை மணி நேரம். கஷ்டம்தான், ஆனால் முடியும். உதவியாளரை விட்டுப் பேசச் சொல்லும் தலைமைப் பயிற்சியாளர்கள் நேரமில்லை என்பார்கள். பதினேழரை மணி நேரம் கிடைக்காத அளவுக்கு அந்த வாரத்தில் வேறு என்ன பெரிய வேலை?

அந்த 105 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதற்கு முன் ஃபுட்பாலில் 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு இருந்தது. அதற்கு மேல் ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆன்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 120, 130 பேர் கொண்ட அணிகள் சாதாரணம். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இப்போது ஸ்காலர்ஷிப் வரம்பு கிடையாது, தலைக்கணக்குதான் வரம்பு. ஃபுட்பால் 105, கூடைப்பந்து 15, பேஸ்பால் 34, பெண்கள் வாலிபால் 18. கூடவே, கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இந்த வரம்பால் 2025-இல் இடம் இழந்தவர்களுக்கு ஒரு விலக்கும் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பவர் எந்த அணிக்குப் போனாலும் தலைக்கணக்கில் சேரமாட்டார். புதிதாக வரும் பயிற்சியாளர் முதல் நாளே கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் (விதிகளைக் கவனிக்கும் பிரிவு) கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். கணக்கில் சேராதவனைக் கழித்துவிட்டு இடம் மிச்சம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பலகையில் எழுத வேண்டிய முதல் விஷயம் பெயர்கள் அல்ல, இடங்கள். ஒரு கணக்கு: குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) 5, ரன்னிங் பேக் 7, வைட் ரிசீவர் 12, டைட் எண்ட் 6, ஆஃபென்சிவ் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) 18, டிஃபென்சிவ் லைன் 18, லைன்பேக்கர் 13, பின்களக் காப்பாளர்கள் 20, உதைப்பவர், பன்ட் அடிப்பவர், லாங் ஸ்னாப்பர் எல்லாம் சேர்த்து 6. கூட்டினால் 105. உங்கள் ஆட்டமுறைக்கு ஏற்ப இது மாறும். 4-2-5 தடுப்பு (முன்வரிசையில் 4, லைன்பேக்கர் 2, பின்களத்தில் 5) ஆடுபவருக்கு லைன்பேக்கர் பத்து போதும், பின்களத்துக்கு மூன்று கூட வேண்டும். இதைச் செய்த பிறகுதான் பெயர்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எத்தனை சீசன் பாக்கி, சென்ற ஆண்டு எத்தனை ஸ்னாப் (பந்தை நகர்த்தும் ஒவ்வொரு தனி முயற்சி) ஆடினான், காயங்கள், மதிப்பெண் சராசரி, ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம் முடியும் தேதி, வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் தொகை ஆகியவை இருக்க வேண்டும். கடைசி இரண்டை மறந்துவிட்டு முடிவெடுத்தவர்கள், பிறகு கல்லூரி வக்கீலிடமிருந்து செய்தி கேட்டு நெற்றியில் கை வைத்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபர்டு 2024 நவம்பரில் தன் முன்னாள் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கை ஜெனரல் மேனேஜராக அமர்த்தியதும், மற்றக் கல்லூரிகள் அதேபோல் ஆள் தேடுவதும் இந்தக் கணக்கு ஒரு பயிற்சியாளரின் தலைக்குள் இனி அடங்காது என்பதால்தான்.

மேலே இருக்கும் இருபது பேரும் கீழே இருக்கும் இருபது பேரும் பிரச்சினை அல்ல. நட்சத்திரங்களை இருக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். முதல் 48 மணி நேரத் தொலைபேசி அழைப்புகள் அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும், ஏஜென்ட் இருந்தால் அவருக்கும். கடைசி வரிசைக்குத் தங்கள் நிலை ஏற்கெனவே தெரியும். தவறு நடப்பது நடுவில்: சீசனில் முந்நூறு ஸ்னாப் ஆடிய மாற்று ஆட்டக்காரன், ரெட்ஷர்ட்டில் (சீசன் கணக்கில் குறையாமல் ஆடாதிருக்கும் ஆண்டு) ஓராண்டு உட்கார்ந்த முதலாமாண்டுப் பையன், காயத்திலிருந்து திரும்பும் மூன்றாமாண்டுக்காரன். இவர்களைப் பற்றிய காணொளி குறைவு. ஆன்லைனில் கிடைக்கும் ஐந்து நிமிட ஹைலைட் எதற்கும் உதவாது. அதில் எவனும் தப்பு செய்வதில்லை.

பார்க்க வேண்டியவை நான்கு. அணி மோசமாகத் தோற்ற ஒரு ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி: 30 புள்ளி பின்தங்கியிருக்கும்போது யார் பந்தை நோக்கி ஓடுகிறார்கள். கிக்ஆஃப் காணொளி: மாற்று ஆட்டக்காரர்களின் வேகமும் துணிச்சலும் அங்கேதான் தெரியும். சென்ற அக்டோபரின் பயிற்சிக் காணொளி: ஆட்டத்தில் இறங்காதவர்கள் அதில்தான் இருப்பார்கள். நான்காவது, அவன் எந்த உத்தரவின்படி ஆடினான் என்பதற்கான விளையாட்டுக் குறிப்பு. இது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் ஏமாற்றும். கார்னர்பேக் பத்து கெஜம் பின்னால் நின்றது பயத்தாலா, முந்தைய ஒருங்கிணைப்பாளர் அப்படி நிற்கச் சொன்னதாலா? 3-4 அமைப்பில் (முன்வரிசையில் 3, லைன்பேக்கர் 4) இரண்டு பேரைத் தாங்கி இடத்தை அடைத்து நிற்பதுதான் நோஸ் டேக்கிளின் வேலை; அவன் கணக்கில் சாக் (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) ஒன்றுகூட இல்லையே என்று கழித்துவிட்டால், நல்ல ஆளை எதிரணிக்குத் தாரை வார்த்ததாக ஆகும்.

ஆட்களைக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பழைய உதவிப் பயிற்சியாளர்கள் சொல்வதில் பாதி பகை, பாதி பாசம். உடற்பயிற்சி அறைப் பொறுப்பாளர், காயங்களைப் பார்க்கும் டிரெய்னர், படிப்பு ஆலோசகர், உபகரண அறைக்காரர் ஆகிய நால்வரும் வேறு. யார் காலை ஆறு மணிக்கு வருகிறான், யார் வகுப்புக்குப் போவதில்லை, யார் துண்டைத் தரையில் எறிந்துவிட்டுப் போகிறான் என்பது இவர்களுக்குத் தெரியும். இவர்களில் மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அதற்கு எடை கொடுக்கலாம்.

எந்த இடத்தில் கத்தியை வைக்கக்கூடாது என்று கேட்டால், ஆஃபென்சிவ் லைன் என்பேன். சேர்ந்து ஆடிப் பழகிய ஐந்து பேர் சந்தையில் கிடைப்பதில்லை. போர்ட்டலில் வரும் நல்ல டேக்கிள்களுக்குக் கேட்கும் விலையும் அதிகம். 2022 டிசம்பரில் கொலராடோவுக்கு வந்த டியான் சாண்டர்ஸ், 1-11 (ஒரு வெற்றி, 11 தோல்வி) என்று கிடந்த அணியை அப்படியே கலைத்தார். ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர்களில் 50-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். 2023-இல் அணி 4-8. குவார்ட்டர்பேக் ஷடூர் சாண்டர்ஸ் அந்த ஒரு சீசனில் 52 முறை சாக் ஆனார். வேகமான ரிசீவர்களை வாங்கலாம். அவர்கள் ஓடி முடிக்கும் வரை குவார்ட்டர்பேக் நிற்க வேண்டுமே. அடுத்த ஆண்டு 9-4 என்று நிமிர்ந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இதோடு இந்தியானாவை வைத்துப் பாருங்கள். கர்ட் சிக்னெட்டி 2023 நவம்பர் கடைசியில் வந்தார். அணி அப்போது 3-9. தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பதின்மூன்று பேரைக் கூட்டிவந்தார். ஆனால் லெஃப்ட் டேக்கிள் கார்ட்டர் ஸ்மித், லைனில் நீண்ட நாள் ஆடிய மைக் கேட்டிக் போன்ற பழையவர்களை விடவில்லை. 2024-இல் 11-2, தேசியக் கோப்பைக்கான பிளேஆஃபிலும் இடம். கூட்டிவந்தவர்கள் எல்லோரும் அவருடைய முறையை அறிந்தவர்கள் என்பதால் புதுப் பாடத்தை அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இருந்தவர்களில் நின்று ஆடக்கூடியவர்கள் அடித்தளமாக நின்றார்கள். தன் ஆட்களை அழைத்துவரும் எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. சிறிய லீக்கில் ஜொலித்தவன் பெரிய லீக்கின் 140 கிலோ லைன்மேன்களுக்கு எதிரே காணாமல் போவதும், லாக்கர் அறை "அவருடைய ஆட்கள், நாம்" என்று இரண்டாகப் பிளவதும் அடிக்கடி நடப்பவை.

கூடைப்பந்தில் கணக்கு சிறியது, ஆகவே கொடூரமானது. 2024 ஏப்ரலில் ஜான் கலிபாரி கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனபோது அங்கே அவருக்கு அணி என்று அநேகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை. கென்டக்கிக்கு வந்த மார்க் போப்புக்கும் அதே கதி. முந்தைய ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர் ஒருவரும் தங்கவில்லை. இருவரும் புது ஆட்களைச் சேர்த்து 2025 தேசியப் போட்டியில் கடைசி 16 வரை போனார்கள். மிச்சிகனில் டஸ்டி மே வேறு வழி. 8-24 என்று தோற்ற அணியிலிருந்து நிமாரி பர்னெட், வில் செட்டர் போன்ற சிலரை வைத்துக்கொண்டு மற்ற இடங்களை நிரப்பினார். 27-10, பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் போட்டிக் கோப்பை. பதினைந்து பேரில் ஆட்டத்தில் இறங்குவது எட்டு ஒன்பது பேர். மற்ற ஆறு பேர் ஆடாமல் உட்காரவும் முகம் கோணாதவர்களா என்பதுதான் பழையவர்களில் யாரைத் தக்கவைப்பது என்பதற்கு நல்ல அளவுகோல்.

இனி, அந்தப் பத்து நிமிடம். கதவை மூடிக்கொண்டு, தலைமைப் பயிற்சியாளரே, கூட ஒரே ஒரு சாட்சியுடன். கையில் அந்தப் பையனின் தாள். முதல் வாக்கியத்திலேயே முடிவு வர வேண்டும்: "அடுத்த சீசனில் உனக்கு ஆடும் இடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை." குடும்பம் எப்படி, படிப்பு எப்படி என்று சுற்றி வளைத்தால், பையனுக்கு மூன்றாம் நிமிடத்தில் புரிந்துவிடும், மிச்ச ஏழு நிமிடமும் சித்திரவதை. பிறகு காரணம், அதுவும் ஒன்றே ஒன்று: இந்த இடத்தில் உனக்கு முன்னால் நான்கு பேர், அல்லது நான் ஆடும் முறையில் உன் இடமே இல்லை. "போட்டி போட்டுப் பார்" என்று சொல்வதானால், டெப்த் சார்ட்டில் (ஒவ்வொரு இடத்துக்குமான வரிசைப் பட்டியல்) இப்போது எத்தனையாவது இடம் என்று எண் சொல்ல வேண்டும். எண் சொல்லத் துணிச்சல் இல்லாதவர் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. சாண்டர்ஸ் முதல் கூட்டத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்து, போர்ட்டலுக்குப் போகத் தயாராகுங்கள் என்ற பொருளில் பேசினார், காணொளியும் வெளியானது. ஒளிவுமறைவு இல்லை என்பதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்துக்குச் சொன்னது அதில் எவனுக்குச் சொன்னது என்று உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாதே.

சொல்லவே கூடாத ஒரு வாக்கியம் உண்டு: "போகாவிட்டால் ஸ்காலர்ஷிப் போய்விடும்." ஒப்பந்தக் காலத்துக்குள் ஆட்டத் திறமையைக் காரணம் காட்டியோ காயத்தைக் காரணம் காட்டியோ நிதியுதவியைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது. பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளில் 2015 முதல், திறமையைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுப்பதும் கூடாது. புதுப்பிக்காவிட்டால் ஜூலை 1-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள நிதியுதவிக் குழுவிடம் முறையிடும் உரிமை மாணவனுக்கு உண்டு. அணியிலிருந்து விலக்கப்பட்டும் படிப்பை முடிக்க அங்கேயே தங்க அவனுக்கு விருப்பம் என்றால், அது அவன் தேர்வு. மறுபக்கம், போர்ட்டலில் பெயர் ஏறியதும் பருவத்தின் முடிவில் உதவியை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை வந்துவிடுகிறது. இதைப் பையனுக்குச் சொல்லாமல் "பெயர் மட்டும் கொடுத்துப் பார், பிடிக்காவிட்டால் திரும்பி வா" என்று தேன் தடவிப் பேசுவது பச்சைத் துரோகம். வாக்-ஆன்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே இல்லை. அதனாலேயே அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காயம் பட்டவர்கள் விஷயத்தில் பயிற்சியாளர் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். யார் ஆட முடியாது என்பதை முடிவுசெய்வது அணி மருத்துவர். இடம் காலியாகட்டும் என்று மருத்துவ ஓய்வுத் தாளில் கையெழுத்துக் கேட்பது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் தனிக் கணக்கு. டென்னிஸிலும் கூடைப்பந்திலும் வெளிநாட்டவர் அதிகம். ஃபுட்பாலில் பன்ட் அடிக்கும் ஆஸ்திரேலியர்கள். நம் வீடுகளில் ஐ-20 தாளை (கல்லூரி தரும் விசாச் சான்று) பார்த்தவர்களுக்குப் புரியும்: அணி மாறுவது வேறு, செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு மாறுவது வேறு. இருக்கும் கல்லூரி பதிவை விடுவிக்க வேண்டும். புதுக் கல்லூரி புது ஐ-20 தர வேண்டும். ஐந்து மாதத்துக்குள் அங்கே வகுப்பு தொடங்க வேண்டும். மே கடைசியில் போகச் சொன்னால் இதெல்லாம் மூச்சுவிட நேரமில்லாமல் நடக்கும். இவர்களுடன் பேசுவதற்கு முன்னமே சர்வதேச மாணவர் அலுவலகத்தை அழைத்துவிட வேண்டும்.

படிப்புப் பக்கமும் ஒரு கண்ணி உண்டு. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தின் 40 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 என்று முடித்திருக்க வேண்டும். புதுக் கல்லூரி பழைய பாடங்களில் சிலவற்றை ஏற்காவிட்டால் அந்த விழுக்காடு சரியும், ஆடும் தகுதி போகும். கல்லூரிக்கும் அடி உண்டு: மோசமான மதிப்பெண்ணுடன் வெளியேறுபவனால் அணியின் ஏ.பி.ஆர். (படிப்பு முன்னேற்ற அளவு) புள்ளி இறங்கும், 930-க்குக் கீழே போனால் சீசனுக்குப் பிந்தைய போட்டிகளில் ஆடத் தடை. ஆகவே டிசம்பர் தேர்வுகள் முடியும் வரை ஆலோசகரும் படிப்பு அறையும் அவனுக்குத் திறந்தே இருக்க வேண்டும். லாக்கரைக் காலி செய்யச் சொல்வதும் தேர்வும் ஒரே வாரத்தில் வரக்கூடாது.

பேச்சு முடிந்து அவன் ஒப்புக்கொண்டால், பெயர் கொடுத்த இரண்டு வேலை நாளுக்குள் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் அதைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் வேறு கல்லூரியின் பயிற்சியாளர்கள் அவனுடன் பேசக்கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் விதிமீறல். ஏறிய பிறகு அழைப்புகள் தாமாக வரும். உயரம், எடை, நாற்பது கெஜ ஓட்டம், காயங்கள், வகுப்பு வருகை என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அதோடு, பயிற்சிக் காணொளியிலிருந்து அவனுடைய நல்ல ஆட்டங்கள் முப்பது நாற்பதை வெட்டித் தர வீடியோ பிரிவுக்கு அரை நாள் வேலைதான். சீசன் முழுக்க எட்டு ஸ்னாப் ஆடியவனிடம் காட்டுவதற்கு வேறு காணொளி இருக்காது.